ஏலக்காய் காத்திருக்கும், திராட்சை காத்திருக்காது: கம்பம் பள்ளத்தாக்கும் கிட்டங்கியின் வரலாறும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சின்னமனூருக்குக் கிழக்கே மேகமலையைப் பார்த்தபடி இருக்கும் பேரூராட்சி ஓடைப்பட்டி. விதையில்லாப் பச்சைத் திராட்சைக்குப் பேர்போன ஊர். அதே மாவட்டத்தின் மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் போடிநாயக்கனூர். அது ஏலக்காய்க்குப் பேர்போன ஊர். ரெண்டு ஊருக்கும் நடுவுல பெரிய தூரம் இல்லை. ஆனா ரெண்டு ஊர் சரக்கும் விற்கிற விதத்தில் ஏணி வச்சாலும் எட்டாத வித்தியாசம் இருக்கு.

திராட்சைக்கு வியாபாரி தோட்டத்துக்கே வருவார். கொலை கொடியில் தொங்கும்போதே விலை பேசுவார். பேச்சு படிஞ்சா வெட்டு. படியலைன்னா, மானத்தைப் பார்த்துக்கிட்டு இன்னும் ரெண்டு மூணு நாள் தள்ளலாம், அவ்வளவுதான். ஏலக்காய் அப்படி இல்லை. காய்ந்து, தரம் பிரிச்சு, மூட்டையாகி கிட்டங்கிக்குப் போகும். அங்கிருந்து மாதிரி எடுத்து ஏலத்துக்கு வரும். கேட்ட விலை பிடிக்கலைன்னா விவசாயி சரக்கை விற்காம அடுத்த ஏலத்துக்கு வச்சுக்கலாம்.

இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் சாமர்த்தியமோ படிப்போ இல்லை. ஒருவரால் காத்திருக்க முடிகிறது, இன்னொருவரால் முடியவில்லை. காத்திருக்கும் சக்தியைத் தருவதுதான் கிட்டங்கியின் வேலை. "சாமான் அடுக்கி வைக்கும் இடம்" என்று மட்டும் பார்த்தால் இதன் வரலாறே புரியாது. அந்த வரலாற்றைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

ஒரு சொல்லின் ஊர்சுற்றல்

முதலில் பெயர். 'கிட' என்ற வினையிலிருந்து வந்தது கிடங்கு. பழந்தமிழில் இதற்கு அகழி, பள்ளம் என்றும் பொருள் உண்டு. பிறகு சரக்கு கிடக்கும் இடத்துக்கும் அதே பெயர் ஆனது. தெலுங்கின் கிட்டங்கி, மலாயின் குடாங், அதிலிருந்து ஆங்கிலத்தின் கோடவுன் எல்லாம் இந்தக் குடும்பம்தான் என்று 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி சொல்கிறது. அதாவது நாம் "இங்கிலீஷ் வார்த்தை" என்று நினைத்துச் சொல்லும் குடோன், கடல் தாண்டிப் போய் வேஷம் மாறித் திரும்பி வந்த நம்ம வீட்டுப் பிள்ளை. பண்டகசாலைக்கும் இதே கதைதான். 'பாங்க்ஷால்' என்ற பழைய கிழக்கிந்தியக் கம்பெனிச் சொல்லுக்கு மூலம் 'பாண்டசாலா'. கொல்கத்தாவில் இன்றும் பாங்க்ஷால் தெரு இருக்கிறது.

சொல் இப்படி ஊர் ஊராகப் போயிருக்கிறது என்றால், அதைத் தூக்கிக்கொண்டு போன வியாபாரமும் போயிருக்க வேண்டும். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க முற்றம் வருகிறது. ஏற்றுமதி, இறக்குமதி மூட்டைகள் மலை மாதிரிக் குவிந்திருக்க, புலி முத்திரை குத்தி வெளியே விடுகிறார்கள். சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், சரக்கு மூட்டைகளில் உரியவர் பெயரும் கணக்கும் எழுதப்பட்டிருந்ததைச் சொல்கிறது. இன்றைய கிட்டங்கியில் மூட்டைக்கு மூட்டை ஒட்டும் லேபிளுக்கு வயது அவ்வளவு! புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், சுமார் 150 அடி நீளமுள்ள செங்கல் கட்டடம் ஒன்றைக் கண்டு, அது பண்டகசாலையாக இருக்கலாம் என்றார்.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரு பொது அம்சம் உண்டு. இரண்டுமே ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருப்பவை. சரக்கு ஒரு வாகனத்திலிருந்து இன்னொரு வாகனத்துக்கு மாறும் இடம் அது. வண்டியில் வந்தது கப்பலுக்கு மாற வேண்டும், கப்பல் வர வேண்டும், காற்று திரும்ப வேண்டும். அதுவரை சரக்கு எங்காவது கிடந்தாக வேண்டும். கிட்டங்கிக்கு இடம் தேர்வு செய்வதன் முதல் விதி இதுதான்: வாகனம் மாறும் இடத்தில் சரக்கு தங்கும். இந்த விதியை மனசுல வச்சுக்குங்க, போடிக்குப் போகும்போது தேவைப்படும்.

குலுக்கை முதல் களஞ்சியம் வரை

உள்நாட்டில் நிலைமை வேறு. நம்ம தென்மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு குலுக்கை இருந்தது. மண்ணால் செய்த உயரமான தானியக் கொள்கலன், அடியில் தானியம் எடுக்க ஒரு துளை. வேறு பக்கங்களில் குதிர் என்பார்கள், பத்தாயம் என்பார்கள். வசதியான வீடு எது என்பதை அதன் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஊர் அளவில் பெரிய சேமிப்பு கோயிலில் இருந்தது. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. வட்ட வடிவம், கூம்புக் கூரை, 3000 கலம் நெல் கொள்ளும் என்று கணக்கு. ஸ்ரீரங்கம் கோயில் களஞ்சியங்களும் இதே வட்ட வடிவம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, சாவி யார் கையில் இருந்தது என்பது. குலுக்கையின் நெல்லுக்கு வீட்டுக்காரர் எஜமான். களஞ்சிய நெல்லுக்குக் கோயிலும் அதை நடத்தியவர்களும் எஜமான். விளைவித்தவர் குலுக்கையில் வைத்தது போக மீதியை அறுவடைக் காலத்திலேயே கொடுத்தாக வேண்டும். அறுவடைக் காலத்தில் விலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மலை ஏறிய ஏலக்காய், அடிவாரத்தில் இறங்கிய கிட்டங்கி

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏலமலை. அரசியல் எல்லைப்படி அது திருவிதாங்கூர். ஆனால் அங்கே ஏலம் பயிரிட்டவர்களில் நிறையப் பேர் இந்தப் பக்கம், அன்றைய மதுரை மாவட்டத்துக் கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடிப் பகுதிக்காரர்கள். போடிமெட்டு, தேவாரம் மெட்டு, கம்பம் மெட்டு, குமுளி என்று கணவாய்ப் பாதைகளில் ஏறி இறங்கிச் செய்த விவசாயம் அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூரில் ஏலக்காய் அரசாங்கத்தின் ஏகபோகச் சரக்கு. விளைவித்தவர் காயை அரசிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அரசு அதை மேற்கே ஆலப்புழைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்கும். ரயத்துக்கு அதில் ஒரு பங்கு. யோசிச்சுப் பாருங்க. விவசாயி இருப்பது கிழக்கே அடிவாரத்தில், கிட்டங்கி இருப்பது மேற்கே கடலோரத்தில். தன் சரக்கு எப்போது, என்ன விலைக்குப் போகிறது என்பதில் அவருக்குப் பேச்சே கிடையாது. 1896-ல் இந்த ஏகபோகம் முடிவுக்கு வந்து, நிலத்துக்கு வரி என்ற முறை வந்தது. காய் விவசாயியின் சொந்தச் சரக்கு ஆனது.

சொந்தச் சரக்கு ஆனதும் அது வீட்டை நோக்கி, கிழக்கே இறங்கியது. ஏன் போடி? மூன்று காரணம் சொல்லலாம்.

முதலாவது, ஈரம். ஏலக்காயை உலர்த்தி ஈரப்பதத்தைப் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் கெடாது. மாதக்கணக்கில் மழையும் மஞ்சும் இருக்கும் மலைமேல் உலர்ந்த காய் மறுபடி ஈரம் இழுக்கும். பச்சை நிறமும் போகும், பூஞ்சையும் பிடிக்கும். அடிவாரம் மழை மறைவுப் பகுதி. சரக்கு வைக்க மலையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

இரண்டாவது, நாம் பார்த்த முதல் விதி. மலைப்பாதையில் தலைச்சுமையாகவும் பொதிமாட்டிலும் இறங்கும் மூட்டை, வண்டிக்கு மாறும் இடம் அடிவாரம். 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோது இது உறுதியானது. அந்தப் பாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிடுங்கி எடுத்துவிட்டு, 1950-களில் மீட்டர் கேஜாகத் திரும்பப் போட்டார்கள். 2010-ன் கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்தி, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. இவ்வளவு இடைவெளி விழுந்தும் ஏலக்காய் வியாபாரம் போடியை விட்டுப் போகவில்லை. காரணம் அடுத்தது.

மூன்றாவது, ஆட்கள். ஒரு இடத்தில் கிட்டங்கி நாலு வந்துவிட்டால், தரம் பிரிப்பவர்கள், முன்பணம் தருபவர்கள், வெளியூர் வியாபாரிகளுக்கு வாங்கித் தரும் ஏஜென்டுகள் என்று எல்லாரும் அங்கேயே கூடுவார்கள். அப்புறம் சாலை மாறினாலும் ரயில் நின்றாலும் சந்தை நகராது. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் கொண்டுவந்தபோது அதற்குப் போடியைத் தேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்தில் புத்தடி இன்னொரு மையம்.

கை கொள்ளும் அளவு சரக்குக்கு நல்ல விலை, மாதக்கணக்கில் கெடாது, உலர்ந்த அறை போதும், கரண்ட் பில் கிடையாது. கிட்டங்கிக்கென்றே படைத்த பண்டம் ஏலக்காய்!

சரக்கு இருந்தால் மட்டும் போதுமா?

ஆனால் கெடாத பண்டம் கையில் இருந்தாலும் எல்லாராலும் காத்திருக்க முடிவதில்லை. வீட்டில் கல்யாணம், பள்ளிக்கூடப் பணம், உரக்கடைப் பாக்கி. சரக்கு காத்திருக்கும், கடன் காத்திருக்காது. மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் அவர் மண்டிக்குத்தான் சரக்கைப் போட வேண்டும், அவர் சொல்லும் நாளில் விற்க வேண்டும்.

இதைத் தேசிய அளவில் எண்ணிக் காட்டியது அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான குழு 1954-ல் அறிக்கை கொடுத்தது. கிராமத்து விவசாயி வாங்கிய கடனில் சுமார் 70 சதவீதம் லேவாதேவிக்காரர்களிடம். கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு வெறும் 3.1 சதவீதம். குழு இதற்குச் சொன்ன மருந்துகளில் ஒன்று கிட்டங்கி. கடனைப் பற்றிய அறிக்கையில் கிட்டங்கி எங்கே வந்தது என்று தோன்றலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

நம்பகமான ஒரு பொதுக் கிட்டங்கியில் சரக்கை வைத்தால் ரசீது தருவார்கள். அந்த ரசீதை வங்கியில் காட்டிக் கடன் வாங்கலாம். கல்யாணத்தை நடத்திவிட்டு, விலை ஏறும்போது சரக்கை விற்று கடனை அடைக்கலாம். அதாவது மண்டிக்காரர் ஒருவரே சேர்த்து வைத்திருந்த இரண்டு அதிகாரங்களை, சரக்கு வைக்கும் இடம், பணம் தரும் கை என்று தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது அந்தக் காகிதம்.

சென்னை மாகாணம் 1951-லேயே கிட்டங்கிகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் போட்டிருந்தது. கோர்வாலா குழுவுக்குப் பின் 1956-ல் மத்தியச் சட்டம், 1957-ல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகம், 1958-ல் நம் மாநிலச் சேமிப்புக் கிடங்குக் கழகம் என்று வரிசையாக வந்தன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் விளைபொருளை வைத்து அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் தவணையில் பொருளீட்டுக் கடன் பெறும் முறை இருக்கிறது. 2007-ல் ரசீதை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்ற வழி செய்யும் சட்டம் வந்தது. 2017-ல் அந்த ரசீது மின்னணு வடிவத்துக்கு மாறியது.

நெல், மக்காச்சோளம், பருத்தி, ஏலக்காய், மஞ்சள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இப்போது ஓடைப்பட்டிக்கு வருவோம்.

திராட்சையின் கடிகாரம்

வாழையையும் திராட்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். சின்னமனூர், கம்பம் பக்கம் வாழை நிறைய. வாழைத்தாரைப் பச்சையாக வெட்டலாம். வெட்டிய பிறகும் அது பழுக்கும். எனவே காயாகவே லாரியில் ஏற்றி, விற்கும் ஊருக்குப் பக்கத்தில் பழுக்க வைக்கும் அறையில் அடுக்கிக்கொள்ளலாம். வாழையின் கிட்டங்கி வாங்குபவர் ஊரில் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

திராட்சை வெட்டிய பிறகு பழுக்காது. இனிப்பு ஏறாது. கொடியை விட்டு இறங்கிய நிமிஷத்திலிருந்து அதற்கு இறக்கம்தான். காம்பு காய்கிறது, மணி உதிர்கிறது, ஈரம் போகிறது. இதை நிறுத்த ஒரே வழி குளிர். வெட்டிய சில மணி நேரத்துக்குள் பழத்தின் உள்சூட்டை இறக்கி, பிறகு பூஜ்யம், ஒரு டிகிரியில், 90 சதவீதத்துக்கு மேல் ஈரக்காற்றில் வைக்க வேண்டும். பூஞ்சை வராமல் இருக்க பெட்டிக்குள் கந்தக டை ஆக்சைடு வெளியிடும் தாள் போட வேண்டும். இப்படிச் செய்தால் விதையில்லாப் பச்சைத் திராட்சை வாரக்கணக்கில், நன்றாகப் பராமரித்தால் மாதக்கணக்கில்கூட நிற்கும். ஆனால் மதியம் வெயிலில் வெட்டி, திறந்த லாரியில் நாலு மணி நேரம் போய், எங்கேயோ நகரத்தில் இருக்கும் குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் பிரயோஜனம் குறைவு. உள்ளே போகும்போதே பாதி ஆயுசு போயிருக்கும்.

ஆக மூன்று பண்டத்துக்கும் மூன்று இடம். ஏலக்காய்க்கு நடுவழியில், வாகனம் மாறும் அடிவாரத்தில். வாழைக்கு வாங்குபவர் பக்கத்தில். திராட்சைக்குத் தோட்டத்தை ஒட்டியே. கிட்டங்கிகளை விளைவிடம் சார்ந்தது, சந்தை சார்ந்தது, இடைவழி என்று மூன்றாகப் பிரிப்பது வணிகப் பாடப்புத்தக வழக்கம். 1909-ல் ஆல்ஃபிரட் வெபர் தொழிற்சாலைக்கு இடம் தேர்வது பற்றி எழுதியதிலிருந்து வளர்ந்த சிந்தனை அது. புத்தகம் படிக்காமலேயே ஒரே பள்ளத்தாக்கில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டின் பழைய குளிர்க் கிட்டங்கி எது தெரியுமா? சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை வைக்கத்தான் அது. வெள்ளைக்காரத் துரைகள் வீட்டுக்குப் பக்கத்தில், முழுக்க வாங்குபவரைச் சார்ந்த கிட்டங்கி. குளிர் விவசாயியின் பக்கம் வருவதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. வந்தபோதும் பெரும்பங்கு உத்தரப் பிரதேசம், மேற்கு வங்காளத்து உருளைக்கிழங்குக்குப் போனது.

கொடியே கிட்டங்கி

அப்போ திராட்சை விவசாயிகள் இவ்வளவு நாள் சும்மா இருந்தார்களா? இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷம் முழுக்க அறுவடை வரும் என்பது அதன் பெருமைகளில் ஒன்று. இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை எடுக்கிறார்கள். கவாத்துப் பண்ணிய நாலு மாசத்தில் பழம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் இந்த மாசம் கவாத்துப் பண்ணினால் நாம் அடுத்த மாசம். சரக்கு மொத்தமாக ஒரே நாளில் சந்தையில் விழாமல் தள்ளித் தள்ளி வருகிறது. கிட்டங்கி செய்ய வேண்டிய வேலையைக் கவாத்துக் கத்திரி செய்கிறது! பன்னீர்த் திராட்சை தோல் மெல்லிசு, குளிரில் அடுக்கி வைத்தாலும் ரொம்ப நாள் தாங்காது என்பதால் அந்தப் பழத்துக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கிட்டங்கிக்குக் கூரை இல்லை. பழுத்த கொலைமேல் ஐப்பசி மழை அடித்தால் மணி வெடித்துப் போகும்.

விதையில்லா ரகங்களில் இத்தனை சுற்று எடுக்க முடியாது. அறுவடை ஒரு பருவத்தில் குவியும். ஆகவே பன்னீரைவிட ஓடைப்பட்டிப் பழத்துக்குத்தான் குளிர்க் கிட்டங்கியின் தேவை அதிகம், அதனால் வரும் பலனும் அதிகம்.

இதே நிலையில் இருந்த மகாராஷ்டிரத்துக்காரர்கள் இரண்டு வழி கண்டார்கள். ஒன்று, 1991-ல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் சேர்ந்து 'மகாகிரேப்ஸ்' அமைப்பை உருவாக்கி, விளையும் பகுதிகளிலேயே முன்குளிரூட்டும் வசதியோடு ஏற்றுமதிக்குப் போனது. இரண்டு, சாங்லி, தாஸ்காவ் பக்கம் உலர்திராட்சை. சுமார் நாலு கிலோ பழம் ஒரு கிலோ உலர்திராட்சை ஆகும். அதைக் குளிர்பதனத்தில் வைத்து மாதக்கணக்கில் விலை பார்த்து விற்கிறார்கள், அதன்மேல் கடனும் வாங்குகிறார்கள். யோசித்தால் இது திராட்சையை ஏலக்காய் மாதிரி ஆக்கும் வேலை. காத்திருக்காத பழத்தைக் காத்திருக்கும் சரக்காக மாற்றிவிட்டார்கள்.

இடம் தேர்வதற்கு முன்

இப்போது பணம் கிடைப்பது முன்பைவிடச் சுலபம். 2020-ல் வந்த வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரை கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு. பெரிய கம்பெனிகளின் கணக்கும் மாறிவிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரும் மத்திய விற்பனை வரிக்குப் பயந்து மாநிலத்துக்கு ஒரு டெப்போ வைத்திருந்தவர்கள், 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் வரியைப் பார்க்காமல் தூரத்தையும் நேரத்தையும் பார்த்துக் கிட்டங்கிக்கு இடம் தேர்கிறார்கள். சோதனைச்சாவடியில் வரிச் சீட்டுக்காக லாரி நிற்பதும் ஒழிந்தது. கேரளத்தை நம்பிய பள்ளத்தாக்குக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் ஊரில் ஒரு குளிர்க் கிட்டங்கி என்று பேச்சு வந்தால் கட்டடத்தின் டன் அளவைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. தோட்டத்திலிருந்து எத்தனை மணி நேரத்தில் பழம் உள்ளே போகும்? திராட்சை இல்லாத மாதங்களில் எந்தச் சரக்கால் அறை நிரம்பும்? காலி அறைக்கும் கரண்ட் ஓடுமே. மிளகாய்க்கும் புளிக்கும் வேண்டிய சூடும் ஈரமும் வேறு, திராட்சைக்கு வைக்கும் கந்தகத் தாள் மற்ற பழத்துக்கு ஆகாது. எனவே ஒரே பெரிய அறையா, தனித்தனிச் சின்ன அறைகளா? உள்ளே போகும் பெட்டிக்கு ரசீது யார் பெயரில் எழுதப்படும்?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. வியாபாரி வாங்கி உள்ளே வைத்தால் காத்திருப்பதன் லாபம் அவருக்கு. விவசாயி பெயரில் ரசீது இருந்து, அந்த ரசீதுக்கு வங்கி பணம் கொடுத்தால் லாபம் விவசாயிக்கு. அதே சுவர், அதே இயந்திரம், அதே ஒரு டிகிரி குளிர். திருவிதாங்கூர் காலத்து ஏலக்காய்க்கும் கிட்டங்கி இருக்கத்தான் செய்தது, சாவிதான் விளைவித்தவர் கையில் இல்லை.